381654729: கல்முனையில் வாங்கிய கல்குலேட்டருக்கு நான் வைத்த சோதனை

இலங்கையின் கிழக்கு மாகாணத்தில், சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வீடு காரைதீவு. ஆலையில் இருந்த பழைய கல்குலேட்டரில் 5 என்ற பட்டன் செத்து இரண்டு மாதமாகிவிட்டது. மூடை 65 கிலோ என்றால் 64 அடித்து ஒன்று கூட்டுவேன். பெரும்போக அறுவடை தொடங்கி, நெல் வண்டிகள் வாசலில் வரிசை கட்டிய பிறகு அப்படிச் சமாளிக்க முடியாது. ஒரு சனிக்கிழமை கல்முனைக்குப் போய், பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள கொப்பி பேனைக் கடையொன்றில் மேசைக் கல்குலேட்டர் வாங்கினேன். 12 இலக்கம். 2,350 ரூபாய்.

பெட்டியில் ஒரு பெயர் அச்சடித்திருக்கிறது. அதே வார்ப்பு, அதே பட்டன், அதே நீல மூடியோடு வேறு இரண்டு பெயர்களிலும் அலுமாரியில் இருந்தன. ஆகவே பெயரை விட்டுவிட்டுச் சாமானைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் கையில் பட்டவை. பட்டன்கள் பெரியவை, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி. 5-இன் மேல் சின்னப் புடைப்பு உண்டு. கணக்குத் துண்டைப் பார்த்துக்கொண்டே விரலால் தடவி அடிக்கிறவர்களுக்கு அந்தப் புடைப்புத்தான் ஊன்றுகோல். திரை சற்றுச் சாய்ந்து நிற்கிறது, தராசுக்கு அருகில் நின்றும் வாசிக்கலாம். இரட்டைப் பூச்சியம் ஒரே பட்டனில். சோலாரும் பற்றரியும் இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருந்ததால், சோலார் கண்ணாடியைப் பெருவிரலால் முழுக்க மூடிப் பார்த்தேன். எழுத்து மங்கவில்லை. பற்றரி உண்மையாகவே உள்ளே இருக்கிறது. பிறகு விரலை எடுத்துவிட்டுக் காசு கொடுத்தேன்.

இவ்வளவோடு இந்த மதிப்புரை முடிந்திருக்கும். அன்றிரவு தம்பியின் மகன் வீட்டுக்கு வந்ததால் நீள்கிறது. சாதாரண தரம் எழுதப் போகிற பிள்ளை. ரியூஷனில் ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, வீட்டில் யோசித்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்களாம்.

“மாமி, ஒண்டிலயிருந்து ஒம்பது வரைக்கும் எல்லா இலக்கமும் ஒருதரம்தான் வரணும். முதல் ரெண்டு இலக்கத்த எடுத்தா ரெண்டால பிரியணும். முதல் மூண்ட எடுத்தா மூண்டால பிரியணும். நாலுக்கு நாலு, அஞ்சுக்கு அஞ்சு. ஒம்பது வரைக்கும் அப்பிடியே போகணும். விடை ஒண்டே ஒண்டுதான் இருக்காம்.”

புதுக் கல்குலேட்டரைக் கண்டதும் அவன் கை அதற்குத்தான் போனது. நான் தடுத்தேன். ஒன்பது இலக்கங்களை 362,880 விதமாக அடுக்கலாம். ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்க இந்தப் போகம் போதாது. சீ.ஆர். கொப்பியில் ஒன்பது கட்டம் கீறி, முதலில் எந்தக் கட்டத்துக்கு எது வரவே முடியாது என்று பார்க்கலாம் என்றேன். அந்த அரை மணித்தியாலம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஐந்தாம் கட்டம் தானாக விழுந்தது. ஐந்தால் பிரிய வேண்டுமானால் கடைசி இலக்கம் 5 அல்லது 0. பூச்சியம் ஆட்டத்தில் இல்லை. ஆகவே நட்ட நடுவில் 5. இரண்டாம், நாலாம், ஆறாம், எட்டாம் கட்டங்களில் இரட்டை எண்தான் வர முடியும். நம்மிடம் இருக்கும் இரட்டை இலக்கமும் நாலுதான்: 2, 4, 6, 8. அவை அங்கேயே தீர்ந்துபோவதால் மிச்சக் கட்டங்களுக்கெல்லாம் ஒற்றை.

அடுத்தது நாலால் பிரிகிற விதி. கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் போதும். மூன்றாம் கட்டத்தில் ஒற்றை எண் இருப்பதால், நாலாம் கட்டத்தில் 2 அல்லது 6 மட்டுமே பொருந்தும். 12, 16, 32, 36 என்று எழுதிப் பார்த்தால் தெரியும். எட்டாம் கட்டத்துக்கும் அதே கதி, அங்கேயும் 2 அல்லது 6. ஆகவே 4-உம் 8-உம் இரண்டாம், ஆறாம் கட்டங்களைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் மூன்று இலக்கத்தின் கூட்டுத்தொகை மூன்றால் பிரியும். முதல் ஆறின் கூட்டுத்தொகையும் பிரியும். அப்படியானால் நடு மூன்றின் கூட்டுத்தொகையும் மூன்றால் பிரிந்தே ஆக வேண்டும். இதைப் பிள்ளைதான் சொன்னான். நடு மூன்று 258 அல்லது 654, வேறு வழியில்லை. ஒன்பதாவது கட்டத்துக்குக் கவலையே இல்லை. 1 முதல் 9 வரை கூட்டினால் 45. எந்த ஒழுங்கில் அடுக்கினாலும் ஒன்பதால் பிரியும்.

முதல் மூன்றின் கூட்டுத்தொகையையும் எட்டால் பிரிகிற விதியையும் வைத்து வடிகட்டினோம். 258 என்று வைத்தால் மிஞ்சுவது இரண்டு. 654 என்று வைத்தால் எட்டு. மூன்றரை இலட்சத்துக்கு மேல் இருந்தது பத்தாக ஒடுங்கிவிட்டது. பார்க்க வேண்டியது ஏழு ஒன்றுதான். முதல் ஏழு இலக்கமும் சேர்ந்த எண் ஏழால் பிரிகிறதா என்று தெரிந்துகொள்ள நமக்குக் கைவசம் இலேசான விதியில்லை. கல்குலேட்டரை அப்போதுதான் அவன் பக்கம் தள்ளினேன்.

இங்கே சாமானைப் பற்றி ஒரு நல்ல செய்தி. முதல் எண்ணை 7-ஆல் வகுத்துச் சமன் அடித்த பிறகு, அடுத்த எண்ணை மட்டும் அடித்துச் சமன் அடித்தால் போதும். வகுக்கும் 7 அதற்குள் நிற்கிறது, திரும்பத் திரும்ப அடிக்கத் தேவையில்லை. ஒரே விலைக்கு இருபது மூடை போட வேண்டிய எனக்கு இது பெரிய ஆறுதல். பெருக்கலில் முதலில் அடித்த எண்தான் நிற்கும். ஆகவே விலையை முதலில் அடித்து, கிலோவைப் பிறகு அடிக்க வேண்டும்.

பத்தையும் அடித்து முடித்தான். பத்துமே மீதியில்லாமல் பிரிந்தன.

“விடை ஒண்டுதான் எண்டு சொன்னாங்களே” என்று முகம் வாடிவிட்டது அவனுக்கு. நான் கொப்பியை வாங்கி விடைகளை வரிசையாகப் பார்த்தேன். அவன்தான் விரலை வைத்துக் காட்டினான். 1896543-க்கு எதிரே 270935. நாலு வரி தள்ளி, 1896547-க்கு எதிரேயும் 270935.

“ரெண்டு வேற எண்ணுக்கு ஒரே விடை எப்பிடி மாமி வரும்?”

270935-ஐ 7-ஆல் பெருக்கினோம். 1896545. இரண்டில் எதுவுமே இல்லை.

கல்குலேட்டரின் மேல் ஓரத்தில் இரண்டு சின்ன நழுவு சுவிச்சுகள் உண்டு. ஒன்றில் எஃப், 4, 2, 0, ஏ என்று குறித்திருக்கிறது. அது எத்தனை தசமதானம் காட்ட வேண்டும் என்பதற்கு; எஃப் என்றால் திரை கொள்ளுமளவும் காட்டும். மற்றது மிச்சத்தை மேலே தள்ளுவதா, வெட்டுவதா, அரையோ அதற்கு மேலோ என்றால் மட்டும் தள்ளுவதா என்பதற்கு. பெட்டியிலிருந்து எடுத்தபோது முதல் சுவிச் 0-இல் நின்றிருக்கிறது. தசமம் முழுவதையும் விழுங்கி, கிட்டிய முழு எண்ணை அது காட்டிக்கொண்டிருந்தது. எதை எதால் வகுத்தாலும் மீதியே வராது.

எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. கணக்குக்காக அல்ல. திங்கட்கிழமை அதே சுவிச்சோடு ஆலைக்குக் கொண்டுபோயிருப்பேன். கிலோ 115 ரூபாய், மூடை 64.5 கிலோ என்றால் 7,417 ரூபாய் 50 சதம். அது 7,418 என்று காட்டியிருக்கும். மற்றச் சுவிச் வெட்டுப் பக்கம் நின்றிருந்தால் 7,417. ஒரு மூடைக்கு ஐம்பது சதம் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அது வேளாண்மைக்காரரின் காசு, நான் எழுதிக் கொடுக்கும் துண்டில் போகிற காசு. துண்டில் என் கையெழுத்து இருக்கிறது.

சுவிச்சை எஃப்-க்குத் தள்ளி, பத்தையும் மறுபடி அடித்தோம். இம்முறை அழகு வேறு. 1896543-க்கு 270934.714285. 1836547-க்கு 262363.857142. 1896547-க்கு 270935.285714. ஏழால் வகுத்து மீதி வந்தால் தசமத்துக்குப் பின்னால் எப்போதும் 1, 4, 2, 8, 5, 7 என்ற ஆறு இலக்கமும் சுற்றிச் சுற்றி வரும். எங்கே தொடங்குகிறது என்பதை மீதி தீர்மானிக்கும். விடையின் முழு எண் ஆறு இலக்கமாக இருந்தால், 12 இலக்கத் திரையில் ஆறு தசமம் தெரிவதால் ஒரு முழுச் சுற்றையும் பார்க்கலாம். எட்டு இலக்கத் திரையுள்ள சின்னச் சாமானில் இது கிடைக்காது. ஒன்பது எண்களுக்கு இப்படி வால் நீண்டது. 3816547-க்கு மட்டும் 545221, புள்ளிக்குப் பிறகு ஒன்றுமில்லை.

எட்டாம் கட்டத்துக்கு 2, ஒன்பதாம் கட்டத்துக்கு மிஞ்சியிருந்த 9. முழு எண் 381654729.

பிள்ளை அதை அடித்துக்கொண்டிருந்தபோது அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 3, 8, 1: வலது கீழ் மூலையிலிருந்து மேலே நடுவுக்கு ஏறி இடது கீழ் மூலைக்கு இறங்குகிறது, கூரை மாதிரி. 6, 5, 4: நடு வரிசையில் வலமிருந்து இடமாக ஒரு நேர்கோடு. 7, 2, 9: இடது மேல் மூலையிலிருந்து கீழே இறங்கி வலது மேல் மூலைக்கு ஏறுகிறது, கவிழ்த்த கூரை. புடைப்பு வைத்த 5-ஐ அச்சாக வைத்துப் பட்டன் பலகையை அரைச் சுற்றுச் சுற்றினால் முதல் கூரை கடைசிக் கூரையின் மேல் போய் அமரும்.

ஏன் என்று பார்த்தால், பட்டன் பலகையில் 5-க்கு எதிரெதிரே நிற்பவை கூட்டினால் பத்து வருகிற சோடிகள்: 1-9, 2-8, 3-7, 4-6. நம்முடைய எண்ணில் முதல் மூன்றும் கடைசி மூன்றும் அப்படியே சோடி சேர்கின்றன. 381-ஐயும் 729-ஐயும் கூட்டினால் 1110. 8-2, 6-4 சோடிகள் நாலின் விதியும் மூன்றின் விதியும் கட்டாயப்படுத்தியவை. 3-7, 1-9 சோடிகளைத் தந்தது ஏழு. அதற்குமேல் காரணம் தேட எனக்கு விருப்பமில்லை, பார்த்ததே போதுமாக இருந்தது. மூன்று மூன்றாகக் கூட்டினாலும் 12, 15, 18 என்று ஒழுங்காக ஏறுகிறது.

அடுத்த கிழமை ஆலைக்கு இன்னொன்று தேவைப்பட்டு அதே கடைக்குப் போனேன். இம்முறை என் கையில் சோதனை தயார். கடைக்காரக் காக்காவிடம் கேட்டேன்.

“காக்கா, இத ஒருக்கா அடிச்சுப் பாக்கலாமா?”

“பாருங்க தங்கச்சி, அதுக்கென்ன. பெட்டியக் கிழிச்சிராதீங்க.”

ஒரு கல்குலேட்டரைக் கடையில் வைத்தே சோதிக்க இதைவிட நல்ல எண் எனக்குத் தெரியாது. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாப் பட்டனையும் ஒருதரம் தொட்டாகிவிடும். கடைசியில் ஒரு 0 சேர்த்தால் 3816547290, அதுவும் பத்தால் பிரியும். பத்துப் பட்டனும் முடிந்தது. 5 வேலை செய்யாத சாமானை எவரும் இந்த எண்ணை வைத்துக்கொண்டு எனக்கு விற்க முடியாது. பிறகு 3-ஐ 1-ஆல், 38-ஐ 2-ஆல், 381-ஐ 3-ஆல் என்று ஒன்பது வரை வகுத்துக்கொண்டே போனேன்: 3, 19, 127, 954, 7633, 63609, 545221, 4770684, 42406081. சமன் அடிக்கிற ஒவ்வொரு விடையையும் ஜி.டி. என்ற பட்டன் தனியே கூட்டி வைத்திருக்கும். கடைசியில் அதை அழுத்தினால் 47794331 வர வேண்டும். முதலில் எடுத்த பெட்டியில் அப்படி வரவில்லை. 9-ஐ ஒருதரம் அழுத்தினால் சில வேளை இரண்டாக விழுந்தது. காக்கா ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி மேசைக்கடியில் வைத்துவிட்டு இன்னொன்று எடுத்துத் தந்தார். அதில் சரியாக வந்தது. அவரும் துண்டொன்றில் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

12 இலக்கம் போதுமா என்று கேட்பவர்களுக்கு: ஆலைக் கணக்குக்கு மிஞ்சிப் போதும். இந்த எண்ணுக்குத்தான் மட்டுமட்டாக வந்தது. பத்தாவதாக 0 சேர்த்தோமே, பதினோராவதாக எதைச் சேர்த்தால் 11-ஆல் பிரியும்? 6 மட்டும். 12-க்கு? மறுபடி 0 மட்டும். 381654729060, திரை ஓரத்திலிருந்து ஓரம் வரை நிரம்பிவிட்டது. 12-ஆல் வகுத்தால் 31804560755. பதின்மூன்றாவது இலக்கத்தை அழுத்தினால் திரை அசையாது.

பிள்ளை விடவில்லை. சதுரக் கொப்பியை எடுத்துக் கையால் வகுக்கத் தொடங்கினோம். 381654729060-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 7. பக்கத்தில் ஓர் இலக்கத்தை இறக்கினால் எழுபதுக்கும் எழுபத்தொன்பதுக்கும் இடையில் ஏதோ ஒன்று. அதில் 13-இன் மடங்கு 78. ஆகவே 8. எண் 3816547290608 ஆனது. அடுத்து 14. மீதி 10. ஓர் இலக்கம் இறக்கினால் 100 முதல் 109 வரை. பதினாலின் மடங்கு 98, அதை விட்டால் 112. இடையில் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் எண் நின்றுவிட்டது. பத்து வரைக்கும் இந்தத் தடை வராது, ஏனென்றால் அடுத்தடுத்த பத்து எண்களுக்குள் பத்து வரையான எந்த எண்ணுக்கும் மடங்கு ஒன்றாவது கட்டாயம் இருக்கும். பதினொன்றிலிருந்துதான் இடைவெளி பத்தைவிட அகலமாகிறது, சில வேளை நாம் அந்த இடைவெளிக்குள் விழுந்துவிடுகிறோம்.

ஒவ்வோர் இலக்கமும் ஒருதரம்தான் என்ற கட்டுப்பாட்டை விட்டுவிட்டால் இந்த இனத்தில் ஆக நீளமானது 25 இலக்கம்: 3608528850368400786036725. இருபத்தாறாவதாக எதைச் சேர்த்தாலும் 26-ஆல் பிரியாது. வேறெந்த எண்ணும் இவ்வளவு தூரம் வந்ததில்லை, வரவும் முடியாது. கொப்பியின் இரண்டு பக்கம் சேர்த்து இதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம், பிள்ளை நேற்று 17-ஐத் தாண்டினான். கல்குலேட்டர் பக்கத்தில்தான் இருக்கிறது, கழித்தல் பிழையா என்று பார்க்க.

இனிக் குறைகள். அந்தத் தசமச் சுவிச் மிகத் தளர்வு. துணியால் துடைத்தாலே இடம் மாறுகிறது. எஃப்-இல் வைத்து மேலே ஒரு துண்டு ரேப் ஒட்டிவிட்டேன். இதற்குப் பூட்டோ, சிவப்புக் குறியோ வைத்திருக்க வேண்டும். காசோடு புழங்குகிற சாமானில் இது சின்னக் குறையல்ல. உள்ளே இருக்கும் விளக்கத் தாளில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. இந்த மாகாணத்தில் கடைக்குக் கடை இதை வைத்து வியாபாரம் நடக்கிறது. அடியிலுள்ள ரப்பர் கால் ஒன்று முதல் கிழமையே கழன்றது. உமித் தூசு பட்டன் இடுக்கில் ஏறுவதால் மாலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டியிருக்கிறது. மூன்று வாரமாகிறது, பட்டன் எழுத்து இன்னும் தேயவில்லை. கரண்ட் போன இரண்டு மாலையிலும் வாசல் வெளிச்சத்தில் வேலை செய்தது.

கடைக்காரர், ஆலைக்காரர், சங்கத்தில் கணக்குப் பார்க்கிறவர்கள் நம்பி வாங்கலாம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு இது வேண்டாம், அவனுக்கு மூளைதான் வேலை செய்ய வேண்டும். வாங்கப் போகிறவர்கள் காசு கொடுக்க முதல் 1836547-ஐ 7-ஆல் வகுங்கள். 262363.857142 என்று வர வேண்டும். 262364 என்று வந்தால், சுவிச்சை எஃப்-க்குத் தள்ளிவிட்டு மறுபடி அடியுங்கள்.